அமெரிக்காவின் திறந்த கோல்ப் போட்டி: வரலாறும் வாகை சூடியோரும்

ஒரு போட்டிக்குத் 'திறந்த போட்டி' எனப் பெயரிடுவோர் உலகத்தார்க்கு ஒரு வாக்குறுதி கொடுக்கின்றனர். குலம், குடி, செல்வம், தொழில் என்பனவற்றை நோக்காது, ஆடும் ஆற்றல் ஒன்றையே நோக்கி எவரையும் ஏற்றுக்கொள்வோம் என்பதே அவ்வாக்குறுதியின் பொருளாகும். நம் நாட்டுச் செய்தித்தாள்கள் 'பகிரங்கப் போட்டி' என எழுதுவதும் இதனையே. ஆயினும், பெயரளவில் திறந்திருப்பது வேறு. உண்மையில் திறந்திருப்பது வேறு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவைக் கடப்பதற்கு ஒரு நாட்டுக்கு எத்துணைக் காலம் வேண்டியிருந்தது என்பதனை, 1895ஆம் ஆண்டிலே தொடங்கிய அமெரிக்கத் திறந்த கோல்ப் போட்டியின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

கோல்ப் ஆட்டத்தின் தாயகம் ஸ்கொத்லாந்து. 1860ஆம் ஆண்டில் அந்நாட்டின் பிரெஸ்ட்விக் என்னும் ஊரில் தொழின்முறை ஆட்டக்காரர் எண்மர் கூடி ஒரு போட்டி ஆடினர். அடுத்த ஆண்டில் அப்போட்டி உலகத்தார் எல்லார்க்கும் உரியதென அறிவிக்கப்பட்டது. திறந்த போட்டி என்னும் வழக்கு இவ்வாறே இவ்விளையாட்டிற் புகுந்தது. நுவரெலியா நகரின் நடுவே பரந்து கிடக்கும் கோல்ப் திடலைக் கண்டோர் ஆட்டத்தின் அமைப்பினை ஓரளவு அறிவர். திடலிலே பதினெட்டுக் குழிகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும். சிறு பந்தை மட்டையால் அடித்து ஒவ்வொரு குழியிலும் வீழச் செய்தல் வேண்டும். மிகக் குறைந்த அடிகளில் எல்லாக் குழிகளையும் முடிப்பவரே வென்றவராவர். அடிப்பவர் எவர் என்பதைப் பந்தும் அறியாது, குழியும் அறியாது. ஆனால், திடலைச் சூழ்ந்திருந்த சமுதாயம் அதனை நன்கறிந்திருந்தது.

அக்காலத்துக் கோல்ப் கழகங்களிலே மூவகை மனிதரைக் காணலாம். முதலாவார், கழகத்தின் அங்கத்தவர். செல்வரும் உயர்குடியினருமான இவர்கள் பொருள் கருதாது பொழுதுபோக்காக ஆடியவர். இவர்களுட் போட்டிகளிற் கலந்துகொண்டோர் அமச்சூர் எனப்பட்டனர். இரண்டாமவர், தொழின்முறையாளர். இவர்கள் அங்கத்தவர்க்கு ஆட்டம் பயிற்றியும், மட்டைகளைச் செய்தும் செப்பனிட்டும், புற்றரையைப் பேணியும் ஊதியம் பெற்றவர். ஆட்டத்தில் மிகுந்த வல்லவர் இவர்களே. எனினும், கழக மாளிகையின் முன்வாயில் இவர்களுக்கு உரியதன்று. மூன்றாமவர், அங்கத்தவரின் மட்டைப் பைகளைச் சுமந்து அவர்பின் நடந்த ஏழைச் சிறுவர். தொழின்முறையாளர் பலர் இச்சிறுவர் கூட்டத்திலிருந்தே தோன்றினர்.

1894ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் ஐந்து கழகங்கள் ஒன்றுகூடி ஐக்கிய அமெரிக்கக் கோல்ப் சங்கத்தை நிறுவின. அடுத்த ஆண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி, றோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோட் கழகத் திடலில் முதலாவது திறந்த போட்டி நடைபெற்றது. கலந்துகொண்டோர் பதினொருவர், அவருட் பதின்மர் தொழின்முறையாளர், ஒருவர் அமச்சூர். அத்திடலில் ஒன்பது குழிகளே இருந்தமையால், அதனை ஒரே நாளில் நான்குமுறை சுற்றி 36 குழிகளை ஆடி முடித்தனர். அக்கழகத்திலே துணைப் பயிற்றுநராக இருந்த ஹொரஸ் றோலின்ஸ் என்னும் இருபத்தொரு வயது ஆங்கில இளைஞர் 173 அடிகளில் முடித்து, 150 டொலரும் ஒரு பொற்பதக்கமும் பெற்றார். அதற்கு முந்திய மூன்று நாள்களில் நடந்த அமச்சூர் போட்டியே அந்நாளிற் பெரிதாக மதிக்கப்பட்டது. திறந்த போட்டியோ அதன் வாலிலே கட்டிவிடப்பட்ட ஒரு சிறு நிகழ்ச்சி போலவே நடந்து முடிந்தது.

இரண்டாவது போட்டி 1896ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நியூ யோர்க் மாநிலத்தின் லோங் ஐலண்டிலுள்ள ஷின்னகொக் ஹில்ஸ் திடலில் நடைபெற்றது. அத்திடலை அமைப்பதில் அப்பகுதியின் ஆதிக்குடிகளாகிய ஷின்னகொக் இந்தியர் பலர் உழைத்திருந்தனர். அக்குடியினரிடையே கிறித்தவ ஊழியஞ் செய்ய வந்த கறுப்பினப் போதகர் ஒருவரின் மைந்தரே ஜோன் ஷிப்பன். மட்டைப் பை சுமந்து ஆட்டத்தைக் கற்ற இவர், பதினாறு வயதிலேயே போட்டிக்குத் தம் பெயரைப் பதிவு செய்தார். ஷின்னகொக் குடியைச் சேர்ந்த ஒஸ்கார் பன் என்பவரும் பதிவு செய்தார். இவ்விருவரும் ஆடுவராயின் தாம் ஆடப்போவதில்லை என்று ஏனைய தொழின்முறையாளர் பலர் அறிவித்தனர். சங்கத்தின் முதற் றலைவராகிய தியடோர் ஹவிமேயர் அவ்வச்சுறுத்தலுக்குப் பணிந்தாரல்லர். மற்றையோர் அனைவரும் விலகிச் சென்றாலும் அவ்விருவரையும் கொண்டே போட்டி நடைபெறும் என்று அவர் உறுதியாகக் கூறினார். விலகுவதாகச் சொன்னோர் பின்னர் விலகாது ஆடினர்.

முதற் சுற்றை ஷிப்பன் 78 அடிகளில் முடித்து, முன்னணியில் நின்றவர்க்கு இரண்டு அடிகளே பின்னாக நின்றார். இரண்டாஞ் சுற்றின் பதின்மூன்றாங் குழியில் அவர் அடித்த பந்து மணற்பாங்கான வழியிற் சிக்கிக்கொண்டது. அக்குழி ஒன்றிற்கே அவர் பதினோரடிகளைச் செலவிட நேர்ந்தது. சுற்று 81 அடிகளில் முடிந்தது, மொத்தம் 159. வென்றவராகிய ஜேம்ஸ் போலிஸ் 152 அடிகளில் முடித்தார். பதின்மூன்றாங் குழியை நான்கு அடிகளில் முடித்திருப்பின், வெற்றியாளரோடு ஷிப்பன் சமமாக நின்றிருப்பார் என்பது எளிய கணக்கு. அவர் தோற்றது பந்து சிக்கிய மணலினாலேயன்றித் தோலின் நிறத்தினாலன்று. அன்று ஹவிமேயர் அவருக்கு உறுதி செய்து கொடுத்தது இந்நியாயமான தோல்விக்குரிய உரிமையையே. விளையாட்டில் இதனினும் பெரிய உரிமை வேறில்லை.

அடுத்த ஆண்டிலேயே ஹவிமேயர் காலமானார். 1898ஆம் ஆண்டு முதல் போட்டி 72 குழிகள் கொண்டதாக விரிவடைந்தது. முதற் பதினாறு ஆண்டுகளில் வாகை சூடியோர் அனைவரும் பிரித்தானியாவிற் பிறந்தோரே. அவருள் இருவரைச் சிறப்பாகக் குறிப்பிடல் தகும். ஒருவர், 1900ஆம் ஆண்டில் வென்ற ஹரி வாடன். பிரித்தானியத் திறந்த போட்டியை ஆறுமுறை வென்ற ஒரேயொருவர். மற்றவர், ஸ்கொத்லாந்தின் நோத் பெரிக் ஊரினரான வில்லி அண்டர்சன். 1901, 1903, 1904, 1905 ஆகிய நான்கு ஆண்டுகளில் இவர் வென்றார். தொடர்ந்து மூன்றாண்டுகள் வென்றவர் இவரன்றி வேறெவருமிலர். இத்தகைய பெருவீரர்க்கும் கழக மாளிகையின் உணவுக்கூடம் திறக்கப்படவில்லை. 1901ஆம் ஆண்டுப் போட்டியின்போது தொழின்முறையாளர் சமையலறையில் உண்ணவேண்டும் எனக் கூறப்பட்டதென்றும், அதனைக் கேட்ட அண்டர்சன் சினந்து தம் மட்டையால் நிலத்தைப் பெயர்த்தெறிந்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. அவர் 1910ஆம் ஆண்டில், முப்பத்தொரு வயதிற் காலமானார்.

அமெரிக்க மண்ணிற் பிறந்து முதன்முதல் வென்றவர் ஜோன் மக்டெர்மொற். 1911ஆம் ஆண்டில் வென்றபோது அவருக்கு வயது பத்தொன்பது. அத்துணை இளவயதில் வென்றவர் பின்னரும் எவருமிலர். தபாற்காரர் ஒருவரின் மகனாகிய அவரும் மட்டைப் பை சுமந்து வளர்ந்தவரே. 1912ஆம் ஆண்டிலும் அவரே வென்றார். எனினும், நாடு முழுவதையும் இவ்விளையாட்டின்பாற் றிருப்பிய நிகழ்ச்சி 1913ஆம் ஆண்டிலேதான் நிகழ்ந்தது.

அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் பொஸ்டன் நகரை அடுத்த புரூக்லைன் திடலிற் போட்டி நடைபெற்றது. பிரித்தானியாவிலிருந்து ஹரி வாடனும் டெட் ரேயும் வந்திருந்தனர். அவ்விருவருள் ஒருவரே வெல்வர் என்பதில் எவர்க்கும் ஐயமிருக்கவில்லை. திடலின் எதிரே, வீதியின் மறுபுறத்திலே ஒரு சிறு வீடு இருந்தது. அவ்வீட்டில் வாழ்ந்த குடியேறிய தொழிலாளி ஒருவரின் மகன் பிரான்சிஸ் விமெற், அதே திடலிற் பிறருடைய மட்டைப் பைகளைச் சுமந்தவர், அப்பொழுது இருபது வயதினர், அமச்சூர். நான்கு சுற்றுகளின் முடிவில் மூவரும் 304 அடிகளில் சமமாக நின்றனர். மறுநாள் மழையில் நனைந்த திடலிலே மூவரும் மீண்டும் ஆடினர். விமெற்றின் பையைச் சுமந்தவன் எடி லோவ்ரி என்னும் பத்து வயதுச் சிறுவன். அன்று விமெற் 72 அடிகளிலும், வாடன் 77 அடிகளிலும், ரே 78 அடிகளிலும் முடித்தனர். வீதியைக் கடந்து வந்த இளைஞர் ஒருவர் உலகின் தலைசிறந்த இருவரை வென்றார் என்னும் செய்தி, கோல்ப் செல்வரின் விளையாட்டு என்றெண்ணியிருந்த பொதுமக்களின் கருத்தை மாற்றியது. வறுமை திறமைக்குத் தடையன்று என்பது அத்திடலிலே மெய்ப்பிக்கப்பட்டது. அதே 1913ஆம் ஆண்டே ஜோன் ஷிப்பன் இப்போட்டியில் ஆடிய இறுதி ஆண்டு என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

முதலாம் உலகப்போர் காரணமாக 1917, 1918 ஆகிய ஆண்டுகளிற் போட்டி நடைபெறவில்லை. 1920ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்தின் டொலிடோ நகரிலுள்ள இன்வேர்னெஸ் கழகம் போட்டியை ஏற்று நடத்தியபொழுது ஒரு புதுமை நிகழ்ந்தது. அக்கழகத்தார் தம் மாளிகையின் கதவைத் தொழின்முறையாளர் அனைவர்க்கும் திறந்துவிட்டனர். அங்கத்தவர் அமரும் இருக்கையில் அவர்களும் அமர்ந்தனர். அங்கத்தவர் உண்ணும் மேசையில் அவர்களும் உண்டனர். இதற்கு நன்றிக்கடனாக, 1914, 1919 ஆகிய ஆண்டுகளின் வெற்றியாளரான வோல்டர் ஹேகன் முன்னின்று பொருள் திரட்ட, ஆட்டக்காரர் அனைவரும் சேர்ந்து நெடிய மணிக்கூடு ஒன்றை அக்கழகத்திற்கு அன்பளிப்புச் செய்தனர். அவ்வாண்டு வாகை சூடியவர், ஏழாண்டுகளின்முன் விமெற்றிடம் தோற்ற டெட் ரே. கோப்பை கடல் கடந்து சென்றது. மணிக்கூடு இன்வேர்னெஸ் மாளிகையிலே தங்கியது.

அதனையடுத்த காலம் பொபி ஜோன்ஸின் காலம். அத்லாந்தா நகரைச் சேர்ந்த இவர் இறுதிவரை அமச்சூராகவே ஆடியவர். 1923, 1926, 1929, 1930 ஆகிய நான்கு ஆண்டுகளில் இப்போட்டியை வென்றார். 1930ஆம் ஆண்டில் அமெரிக்க, பிரித்தானியத் திறந்த போட்டிகளையும் அமச்சூர் போட்டிகளையும் ஒருங்கே வென்று, இருபத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றார். எனினும், அவருடைய வெற்றிகளினும் ஒரு தோல்வியே பெரிதும் போற்றப்படுகின்றது. 1925ஆம் ஆண்டுப் போட்டியில், மட்டையை நிலத்தில் வைக்கும்போது பந்து சிறிது அசைந்ததைத் தாமே கண்டு, பிறரெவரும் காணாதிருந்தும், தமக்குத் தாமே ஓரடி தண்டம் விதித்தார். அவ்வோரடியினாலேயே அவருக்குத் தனிவெற்றி கிட்டாது போயிற்று. சமநிலை தீர்க்கும் மறு ஆட்டத்தில் வில்லி மக்பார்லேன் வென்றார்.

ஜோன்ஸ் காலத்திலேயே தொழின்முறையாளரும் புகழ் பெற்றனர். 1922, 1932 ஆகிய ஆண்டுகளில் வென்ற ஜீன் சரசன், இத்தாலியிலிருந்து குடியேறிய தச்சர் ஒருவரின் மகன். 1933ஆம் ஆண்டில் வென்ற ஜோனி குட்மனுக்குப் பின்னர் இப்போட்டியை வென்ற அமச்சூர் எவருமிலர். இரண்டாம் உலகப்போரினால் 1942 முதல் 1945 வரை தடைப்பட்ட போட்டி மீண்டும் தொடங்கியபின் தலைசிறந்து விளங்கியவர் பென் ஹோகன். 1948ஆம் ஆண்டில் வென்ற இவர், 1949ஆம் ஆண்டு பெப்ரவரியிற் பேருந்து ஒன்று தம் மோட்டார் வண்டியுடன் மோதியதால் உயிர் தப்புவதே அரிதாகும் நிலையை அடைந்தார். பதினாறு மாதங்களின் பின், நோவெடுத்த கால்களுடன் 1950ஆம் ஆண்டுப் போட்டியை வென்றார். 1951, 1953 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார். 1955ஆம் ஆண்டில் ஐந்தாம் வெற்றி அவர் கைக்கெட்டும் நிலையில் இருந்தபோது, அயோவா மாநிலத்தின் நகரசபைத் திடலொன்றிற் பணியாற்றிய, எவரும் அறியாத ஜக் பிளெக் என்பவர் அவரை மறு ஆட்டத்தில் வீழ்த்தினார். திறந்த போட்டி என்பதன் பொருள் அன்று மீண்டும் விளங்கியது.

இங்ஙனம் ஏழைக்கும், குடியேறியோர்க்கும், கூலி பெற்றுழைத்தோர்க்கும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆனால் 1896ஆம் ஆண்டில் ஒருமுறை திறந்த கதவொன்று எவரும் அறியாதவாறு மூடிக்கொண்டது. 1916ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அமெரிக்கத் தொழின்முறைக் கோல்ப் ஆட்டக்காரர் சங்கம், 1934ஆம் ஆண்டிலே தன் அங்கத்துவம் வெள்ளை இனத்தவர்க்கே உரியதென விதி செய்தது. திறந்த போட்டியை நடத்தியது இச்சங்கமன்று என்பது உண்மையே. ஆயினும், ஆண்டு முழுவதும் நடைபெறும் ஏனைய போட்டிகளில் ஆடிப் பழகாதவர், பயிற்றுநராகப் பணி பெறாதவர், நல்ல திடல்களில் கால் வைக்காதவர், ஆண்டுக்கொருமுறை நிகழும் ஒரு போட்டிக்கு எவ்வாறு ஆயத்தமாதல் கூடும்? பரீட்சை எல்லார்க்கும் பொதுவென அறிவித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தை மட்டும் பூட்டி வைத்தல் போன்றதே இது. ஷிப்பன் இறுதியாக ஆடிய 1913ஆம் ஆண்டுக்குப் பின், முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து 1948ஆம் ஆண்டிலேதான், டெட் றோட்ஸ் என்னும் கறுப்பின ஆட்டக்காரர் திறந்த போட்டியில் ஆடினார்.

அதே 1948ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேறொன்றும் நிகழ்ந்தது. கலிபோர்னியாவின் றிச்மண்ட் நகரில் நடைபெறவிருந்த ஒரு திறந்த போட்டிக்கு, முந்திய வாரத்து ஆட்டத்தினாலே தகுதி பெற்றிருந்த றோட்ஸும் பில் ஸ்பில்லரும் அங்கத்துவ விதியைக் காட்டி விலக்கப்பட்டனர். அவர்கள் வழக்குத் தொடர்ந்தனர். இனி வேற்றுமை பாராட்டுவதில்லை என்னும் உறுதிமொழியின் பேரில் வழக்குக் கைவிடப்பட்டது. அதன்பின் பல போட்டிகளின் பெயர்கள் மாறின. திறந்த போட்டிகள் 'அழைப்புப் போட்டிகள்' ஆயின. அழைப்பு வெள்ளையர்க்கு மட்டுமே சென்றது. உறுதிமொழி எழுத்தளவிற் காக்கப்பட்டது, பொருளளவிற் கைவிடப்பட்டது. தளராத ஸ்பில்லரின் முறையீடு, கலிபோர்னியாவின் சட்டத்துறை நாயகமாக இருந்த ஸ்ரான்லி மொஸ்க் என்பவரின் காதுக்கு எட்டியது. அவ்விதி நிலைக்கும்வரை தம் மாநிலத்தின் திடல்களிற் போட்டி நடத்த இயலாதென அவர் தெரிவித்தார். 1961ஆம் ஆண்டு நவம்பரில் அவ்விதி நீக்கப்பட்டது. சார்லி சிபர்ட் முதலியோர்க்கு வழி பிறந்தது. ஆனால் ஸ்பில்லருக்கும் றோட்ஸுக்கும் ஆட்டத்திறன் மிகுந்திருந்த பருவம் கழிந்துவிட்டது. காலந்தாழ்த்த நீதி அடுத்த தலைமுறைக்குப் பயன்பட்டது, வழக்காடியோர்க்குப் பயன்படவில்லை.

அறுபதுகளில் ஆட்டத்தின் புகழ் தொலைக்காட்சி வழியாக உலகெங்கும் பரவியது. 1960ஆம் ஆண்டில் ஆர்னல்ட் பாமர் இறுதிச் சுற்றை 65 அடிகளில் முடித்து வென்றார். 1962, 1967, 1972, 1980 ஆகிய ஆண்டுகளில் ஜக் நிக்லஸ் வென்று, அண்டர்சன், ஜோன்ஸ், ஹோகன் ஆகிய மூவரோடும் நான்கு வெற்றிகளிற் சமமானார். ரேயின் பின்னர் வெளிநாட்டினின்றும் வந்து முதலில் வென்றவர், 1965ஆம் ஆண்டில் வென்ற தென்னாபிரிக்கரான கரி பிளேயர். 1968ஆம் ஆண்டில், தொடர்ந்து நான்கு சுற்றுகளையும் 70 அடிகளுக்குக் குறைவாக முடித்த முதல்வர் என்னும் பெருமையோடு வென்றவர் லீ திரெவினோ. மெக்சிக்க வழியினரான இவர், டலஸ் நகரில், கோல்ப் திடல் ஒன்றின் அருகிலிருந்த மின்விளக்கற்ற சிறு குடிலிற் பாட்டனாரோடு வளர்ந்தவர். பாட்டனாரின் தொழில் புதைகுழி தோண்டுதல். 1971ஆம் ஆண்டில் மறு ஆட்டத்தில் நிக்லஸை வென்று இரண்டாம் முறையும் திரெவினோ வாகை சூடினார்.

2000ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் பெபிள் பீச் திடலில் டைகர் வூட்ஸ் இரண்டாமிடத்தினரிலும் பதினைந்து அடிகள் குறைவாக ஆடி வென்றார். கறுப்பினத் தந்தைக்கும் தாய்லாந்துத் தாய்க்கும் பிறந்தவர் அவர். ஷிப்பன் ஆடி நூற்று நான்கு ஆண்டுகள் கழிந்தபின், அவ்வினத்து வழிவந்த ஒருவர் இக்கோப்பையை முதன்முதல் ஏந்தினார். 2002ஆம் ஆண்டிலும் அவரே வென்றார். அவ்வாண்டுப் போட்டி நியூ யோர்க்கின் பெத்பேஜ் அரசாங்கப் பூங்காத் திடலில் நடைபெற்றமை மற்றொரு சிறப்பு. கட்டணம் செலுத்தும் எவரும் ஆடக்கூடிய, அரசுக்குரிய ஒரு திடலில் இப்போட்டி நடைபெற்றது அதுவே முதன்முறை. கழக மாளிகையின் முன்வாயில் பற்றிய பழைய வினாவே அங்கு எழவில்லை. காலில் முறிவோடு ஆடி 2008ஆம் ஆண்டில் வூட்ஸ் பெற்ற மூன்றாம் வெற்றியும் சான் டியேகோ நகரசபைத் திடலிலேயே நிகழ்ந்தது. இடையில், 2005ஆம் ஆண்டில், நியூசிலாந்தின் மயோரிக் குடிவழியினரான மைக்கல் கம்பெல், தகுதிகாண் ஆட்டத்தின் மூலம் போட்டியுட் புகுந்து, ஈற்றில் வூட்ஸையும் பின்தள்ளி வென்றார்.

இத்தகுதிகாண் முறையே இன்று இப்போட்டியின் உயிர்நிலை. ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் விண்ணப்பிக்கின்றனர். இறுதியில் ஆடுவோர் 156 பேர். அவருள் ஏறத்தாழப் பாதியினர் புகழோ அழைப்போ இன்றி, தகுதிகாண் ஆட்டங்களில் அடியெண்ணிக்கை ஒன்றினாலேயே இடம் பெறுவோர். மாணவரும், சிறு திடல்களின் பயிற்றுநரும், வேறு தொழில் பார்ப்போரும் உலக வீரரோடு ஒரே திடலில் நிற்கும் காட்சியை அங்குக் காணலாம்.

ஜோன் ஷிப்பன் 1968ஆம் ஆண்டில், எண்பத்தெட்டு வயதிற் காலமானார். தம் வாழ்நாளின் பெரும்பகுதியை நியூ ஜேர்சியின் ஒரு கழகத்திலே திடல் பேணியும் பயிற்றுவித்தும் கழித்தவர் அவர். 2009ஆம் ஆண்டில், முன்னர் அவ்விதியை இயற்றிய அதே தொழின்முறையாளர் சங்கம், ஷிப்பன், றோட்ஸ், ஸ்பில்லர் ஆகிய மூவர்க்கும் இறந்தபின் அங்கத்துவம் வழங்கிப் பழைய பிழைக்கு ஈடு செய்ய முயன்றது. அதனைப் பெற்றுக்கொள்ள மூவருள் ஒருவரும் உயிரோடிருக்கவில்லை.

வாகை சூடியோரின் பெயர்கள் வெள்ளிக் கோப்பையிலே பொறிக்கப்பட்டுள்ளன. போலிஸ், அண்டர்சன், விமெற், ஜோன்ஸ், ஹோகன், நிக்லஸ், வூட்ஸ் என அவ்வரிசை நீள்கின்றது. ஷிப்பனின் பெயரோ, ஹவிமேயரின் பெயரோ, ஸ்பில்லரின் பெயரோ அவ்வரிசையில் இல்லை. ஆயினும், 'திறந்த' என்னும் அச்சொல்லுக்குப் பொருள் கொடுத்தோருள் இம்மூவரும் முதன்மையானவர். ஒருவர் அச்சொல்லை நம்பித் தம் பெயரைப் பதிந்தார். ஒருவர் அதிகாரத்திலிருந்துகொண்டு அச்சொல்லைக் காத்தார். ஒருவர் அச்சொல் பொய்த்தபோது வழக்காடினார். 1896ஆம் ஆண்டில் ஒருவர் செய்த நற்செயல் அவரோடு மறைந்துபோக, அதனை மீட்டெடுக்க ஒரு நாட்டுக்கு அறுபத்தைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. ஒருமுறை திறந்த கதவு என்றும் திறந்தே இருக்குமென நினைத்தல் தவறு என்பதும், ஒவ்வொரு தலைமுறையும் அதனைத் திறந்து வைத்திருக்கும் பொறுப்பினை ஏற்றல் வேண்டும் என்பதும் இவ்வரலாறு உணர்த்தும் உண்மைகளாகும்.